அப்பா அம்மா திருச்சியில்: அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சில வருடங்களுக்கு முன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மேரிலாந்தில் ராணுவத்துக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு நிறுவனம் வேலை தரத் தயாராக இருக்கிறது, ஆனால் சீக்ரெட் கிளியரன்ஸ் (ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதி, டாப் சீக்ரெட்டுக்குக் கீழ் நிலை) கிடைத்தால்தான் சேர முடியும். அப்பா அம்மா திருச்சியில், தம்பி பெங்களூரில், மனைவி இன்னும் கிரீன் கார்டில், மாமனார் மாமியார் மதுரையில். பெரியப்பா கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறீர்கள். அம்மாவோடு ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட் இருக்கிறது, திருச்சி வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கிறது. "இத்தனை இருந்தால் தரவே மாட்டார்கள் என்கிறார்கள். அம்மாவோடு பேசுவதைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளட்டுமா? வீட்டில் என் பங்கை எழுதிக் கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்குமா கிடைக்காதா என்பது வெளியே தெரியும் கேள்வி. உள்ளே இருப்பது, இந்த வேலைக்காக சொந்தபந்தங்களை விட்டு விலகி நிற்க வேண்டுமா என்பது. வேண்டாம் என்பதுதான் என் பதில். விலகிவிட்டதாகக் காட்டிக்கொள்வது உங்களுக்கே கெடுதலாகவும் முடியலாம்.

நான் பல வருடங்கள் வர்ஜீனியாவில் இப்படிப்பட்ட ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். ஊழியர்களின் விண்ணப்பங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்புவது, பிறகு வரும் கேள்விகளுக்குத் துணை நிற்பது என் வேலை. முடிவெடுக்கும் அதிகாரம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நான் வழக்கறிஞரும் இல்லை. ஆகவே விதிகளில் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் விண்ணப்பம் இப்படித்தான் முடியும் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம்.

உறுதியானவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். கிளியரன்ஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. கிரீன் கார்டு போதாது. குடிமகன் அல்லாதவருக்கு அபூர்வமாகக் குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் வரையறுக்கப்பட்ட அனுமதி தருவதுண்டு, அது வேறு கதை. நீங்களாக விண்ணப்பிக்கவும் முடியாது, நிறுவனமோ அரசுத் துறையோ உங்களை முன்மொழிய வேண்டும். பிறப்பால் குடிமகனா, பிறகு குடியுரிமை பெற்றவரா என்று விதிகள் பிரித்துப் பார்ப்பதில்லை. மனைவி குடிமகளாக இருக்க வேண்டும் என்றும் எந்த விதியும் இல்லை. டாப் சீக்ரெட்டுக்கும் மேலே, உளவுத் தகவல்களுக்கென்று இருக்கும் தனி அனுமதிக்கு ஒரு காலத்தில் நெருங்கிய குடும்பத்தினரும் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விதிவிலக்கு வாங்க வேண்டும் என்று இருந்தது. 2008இல் வந்த புதிய உத்தரவு அதை மாற்றிவிட்டது. "குடும்பம் முழுக்க சிட்டிசனாக இருந்தால்தான் கிடைக்கும்" என்று இன்னும் சிலர் சொல்வது அந்தப் பழைய விதியின் மிச்சம்.

இப்போது நடைமுறையில் இருப்பவை 2017 ஜூன் 8 முதல் அமலுக்கு வந்த தேசியப் பாதுகாப்பு மதிப்பீட்டு நெறிகள். இந்தத் துறையில் இருப்பவர்கள் சீட் 4 (SEAD 4) என்பார்கள். ஏ முதல் எம் வரை 13 நெறிகள். கடன், குடி, போதைப் பொருள், குற்ற வழக்கு, நேர்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெறி உண்டு. உங்கள் கவலைக்குரியது பி, அதாவது வெளிநாட்டுச் செல்வாக்கு. அதற்கு அடுத்த சி வெளிநாட்டுச் சார்பு பற்றியது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சி என்பது நீங்களே இன்னொரு நாட்டின் பக்கம் சாய்வது: அந்த நாட்டு அரசில் பதவி ஏற்பது, இருக்கிற வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை மறைப்பது போன்றவை. பி அப்படியில்லை. அதில் உங்கள்மேல் எந்தக் குற்றமும் சுமத்தப்படுவதில்லை. நீங்கள் நேசிக்கும் ஒருவரை வைத்து உங்களை யாராவது மடக்க முடியுமா என்பது மட்டுமே அங்கே கேள்வி. விசாரணை அதிகாரி அம்மாவைப் பற்றித் துருவிக் கேட்கும்போது பலருக்குக் கோபம் வருவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் அந்தக் கோபம் வராது.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1985இல் கானா நாட்டில் சிஐஏ அலுவலகத்தில் வேலை பார்த்த ஷாரன் ஸ்க்ரானேஜ் என்ற பெண் கைதானார். அந்நாட்டு ஆட்சித் தலைவரின் உறவினரோடு அவருக்கு இருந்த காதல் வழியாக, அமெரிக்காவுக்குத் தகவல் தந்தவர்களின் பெயர்கள் வெளியே போயிருந்தன. கானா எதிரி நாடு அல்ல. அதே வருடம் நவம்பரில் கடற்படை உளவுப் பிரிவில் இருந்த ஜோனதன் பொல்லார்ட் இஸ்ரேலுக்கு ரகசியங்கள் கொடுத்ததற்காகப் பிடிபட்டார். இஸ்ரேலைவிட நெருங்கிய நட்பு நாடு எது? அதனால்தான், இந்தியா நட்பு நாடுதானே என்று சொல்லி யாரும் பேச்சை முடித்துவிட முடிவதில்லை. நட்பு நாடுகளுக்கும் தனி நலன்கள் உண்டு என்று கிளியரன்ஸ் வழக்குகளுக்கான மேல்முறையீட்டுக் குழு திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது.

பி நெறியில் முதலில் வருவது, வெளிநாட்டில் இருக்கும் உறவினரோடு தொடர்பு இருந்து, அந்தத் தொடர்பால் மிரட்டலுக்கோ ஆசைகாட்டலுக்கோ ஆளாகும் ஆபத்து கூடுகிறதா என்பது. தொடர்பு மட்டும் போதாது, ஆபத்து கூட வேண்டும். எவ்வளவு கூடுகிறது என்பதை நாடு, உறவினர் பார்க்கும் வேலை, உங்கள் நெருக்கம் மூன்றையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள். நாடு என்று வரும்போது ஒரு ஏணி இருப்பது உண்மை. பிரிட்டனிலோ கனடாவிலோ அண்ணன் இருந்தால் ஒரு கேள்வியோடு போய்விடும். சீனா, ரஷ்யா, ஈரான் என்றால் விண்ணப்பதாரர் சுமக்க வேண்டிய சுமை மிக அதிகம். இந்தியா நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் ஜனநாயக நாடு, 2016 முதல் அமெரிக்காவின் முக்கியப் பாதுகாப்புக் கூட்டாளி. இன்னொரு பக்கம், அமெரிக்கத் தொழில்நுட்பம் சட்டவிரோதமாக இந்தியாவுக்குப் போன வழக்குகள் பதிவில் இருக்கின்றன. காஷ்மீரிலும் வேறு சில பகுதிகளிலும் தீவிரவாதம் இருப்பதையும் தீர்ப்புகளில் குறிப்பிடுகிறார்கள். 2023 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு சீக்கியப் பிரிவினைவாதத் தலைவரைக் கொல்லச் சதி நடந்ததாகவும், அதில் இந்திய அரசு ஊழியர் ஒருவருக்குப் பங்கு இருந்ததாகவும் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. இப்படிப்பட்ட செய்திகள் இந்தியத் தொடர்புள்ள விண்ணப்பங்களின்மேல் எவ்வளவு நிழல் போடும் என்பது நாளுக்கு நாள் மாறக்கூடியது, அதை அளந்து சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவில் பெற்றோர் இருக்க, கிளியரன்ஸோடு வேலை பார்க்கும் தமிழர்கள், தெலுங்கர்கள், பஞ்சாபிகள் ஏராளம் என்பதை நேரில் பார்த்தவன் நான்.

உங்களைப் போன்றவர்கள் அதிகம் தவறுவது நெருக்கம் பற்றிய கேள்வியில்தான். நெறிகளில் கவலையைக் குறைக்கும் காரணங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்று, தொடர்பு மேலோட்டமானது, அபூர்வமானது என்பது. இதைப் படித்துவிட்டு "அம்மாவோடு மாசத்துக்கு ஒரு தடவைதான் பேசுவேன்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நெருங்கிய குடும்பத்தினர்மேல் பாசம் இருக்கும் என்றே மதிப்பிடுபவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மனைவியின் பெற்றோர்மேலும் அப்படித்தான். மாமனார் மாமியாரோடு நீங்கள் நேரடியாகப் பேசாவிட்டாலும், மனைவி வழியாக அந்தப் பாசம் உங்களைக் கட்டும் என்பதே அவர்களின் தொடக்கப் புள்ளி. அதை மறுத்து வாதாடுவது கடினம், அப்படி வாதாட வேண்டிய தேவையும் இல்லை. பெற்ற தாயைப் பற்றிக் கவலையே இல்லை என்று ஒருவர் சொன்னால் அதை யாரும் நம்பப் போவதில்லை. நம்பிவிட்டால், இவர் எதற்குத்தான் விசுவாசமாக இருப்பார் என்ற சந்தேகம் வரும்.

உங்களுக்குக் கைகொடுக்கக் கூடியவை வேறு இரண்டு காரணங்கள். முதலாவது, உறவினர்கள் யார், என்ன செய்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், அவர்களுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை உங்களுக்கு வர வாய்ப்பில்லை என்பது. திருச்சியில் ஓய்வூதியத்தில் வாழும் அப்பா, பெங்களூரில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி என்றால் இது எளிதாகப் பொருந்தும். இரண்டாவதுதான் பலமானது. அமெரிக்காவில் உங்களுக்கு இருக்கும் பிணைப்புகள் ஆழமானவை, நீண்ட காலமானவை, ஒரு முரண்பாடு வந்தால் நீங்கள் இந்த நாட்டின் பக்கமே நிற்பீர்கள் என்று எதிர்பார்க்கலாம் என்பது. இதை வாயால் சொன்னால் போதாது, வாழ்க்கை காட்ட வேண்டும். எத்தனை வருடம் இங்கே இருக்கிறீர்கள், இங்கே படித்தீர்களா, குழந்தைகள் எங்கே பிறந்தார்கள், வீடு எங்கே வாங்கினீர்கள், 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, தேர்தலில் வாக்களிக்கிறீர்களா, ஊரில் எந்தப் பொதுக் காரியத்தில் இருக்கிறீர்கள், மேலாளர்களும் அண்டை வீட்டாரும் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் எடைக்கு வரும். அந்தப் பக்கம் கனமாக இருந்தால், இந்தப் பக்கம் அம்மா தினமும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவது பாதகமாகாது. தினமும் பேசினால் தினமும் என்றே எழுதுங்கள்.

விண்ணப்பப் பாரத்தைப் (ஃபார்ம்) பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதி சிக்கல் அதில்தான். எஸ்எஃப்-86 என்ற பாரம் இப்போது இணையத்திலேயே நிரப்பப்படுகிறது. 18ஆம் பகுதி உறவினர்கள்: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார் மாமியார், வளர்த்தவர்கள். இறந்துபோனவர்களையும் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் கடைசியாக எப்போது தொடர்புகொண்டீர்கள், எப்படி, எவ்வளவு அடிக்கடி, எங்கே வேலை, அவருக்கு அந்த நாட்டு அரசோடும் ராணுவத்தோடும் சம்பந்தம் உண்டா என்று கேட்கும். பெரியப்பா, சித்தி, அத்தை பிள்ளைகள், மைத்துனர் யாரும் இந்தப் பகுதியில் இல்லை. அத்தோடு விட்டுவிடலாம் என்று நினைத்தால், அடுத்த 19ஆம் பகுதி காத்திருக்கிறது. கடந்த 7 வருடங்களில் உங்களுக்கோ மனைவிக்கோ பாசத்தாலோ கடமையாலோ பொது ஈடுபாட்டாலோ செல்வாக்காலோ பிணைப்புள்ள, நெருங்கிய அல்லது தொடர்ச்சியான தொடர்பில் இருக்கும் வெளிநாட்டவர் எல்லோரும் அங்கே வர வேண்டும். நம் குடும்பங்களுக்கு இது பெரிய தலைவலி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 60 பேர் இருப்பார்கள். 60 பேரையும் எழுத வேண்டுமா? வேண்டாம். பொங்கலுக்கு வாழ்த்துப் படம் அனுப்பும் தூரத்துச் சொந்தத்தை அந்த வரையறை கேட்கவில்லை. நான் ஊழியர்களிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: அவருக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று இரவில் போன் வந்தால் டிக்கெட் போடுவீர்களா, அல்லது அவர் அவசரமாகப் பணம் கேட்டால் யோசிக்காமல் அனுப்புவீர்களா? ஆமாம் என்றால் எழுதுங்கள். இது விதியில் உள்ள அளவுகோல் இல்லை, என் அனுபவத்தில் வந்தது. சந்தேகமாக இருந்தால் எழுதிவிடுவதே மேல். ஒரு பெயர் கூடுதலாக இருந்ததால் யாருக்கும் கிளியரன்ஸ் போனதை நான் பார்த்ததில்லை. ஒரு பெயர் குறைந்ததால் சிக்கலில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெரியப்பா அப்படி எழுத வேண்டியவர்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் படிப்புச் செலவை அவர் பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறீர்கள். கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் நீண்ட காலம் இருந்தது. 2025 ஜனவரியில்தான் நீக்கினார்கள். டிஆர்டிஓ, இஸ்ரோ சார்ந்த நிறுவனங்களை 2011 ஜனவரியிலேயே நீக்கிவிட்டார்கள். இருந்தாலும் ஆவடியில் டிஆர்டிஓவின் டாங்கி ஆராய்ச்சிக் கூடத்தில் மாமா இருக்கிறார், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் அண்ணன் இருக்கிறார் என்றால் கேள்விகள் வரும், எதிர்பார்த்துத் தயாராக இருங்கள். இப்போதும் பணியில் இருக்கிறாரா, ஓய்வு பெற்றவரா, என்ன பதவி, உங்கள் வேலையைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும், இருவரும் தொழில் பற்றிப் பேசுவதுண்டா என்பதுதான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. ஓய்வு பெற்ற பெரியவர் அரசு ஓய்வூதியம் வாங்குகிறார் என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராகவோ மின்வாரிய ஊழியராகவோ இருந்திருந்தாலும் அது அரசுத் தொடர்புதான், எழுத வேண்டியதுதான். ஆனால் அதன் எடை மிகக் குறைவு.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே இருக்கும் சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. அம்மாவின் உண்மையான பிறந்தநாள் ஒன்று, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி இன்னொன்று. பாரத்தில் தேதிக்குப் பக்கத்தில் உத்தேசம் என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள், குறிப்பில் காரணத்தையும் எழுதுங்கள். இனிஷியல் மட்டும் உள்ள பெயருக்கும் வழி இருக்கிறது. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, குடியுரிமைச் சான்றிதழில் வேறு மாதிரி வந்திருந்தால், எல்லா வடிவங்களையும் வேறு பெயர்கள் என்ற இடத்தில் கொடுங்கள்.

சொத்துக்கும் பணத்துக்கும் வருகிறேன். திருச்சி வீட்டுப் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சொத்து கணிசமானதாக இருந்து, அதை வைத்து உங்களை வளைக்க முடியும் என்றால்தான் கவலை. 60 லட்ச ரூபாய் வீட்டில் பாதி உங்களுடையது, இங்கே வீடும் சேமிப்பும் அதைப்போல் பல மடங்கு என்றால், அது வழக்கமான குடும்பச் சொத்து என்று எடுத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் அவசரமாகத் தம்பி பெயருக்கு மாற்றி எழுதினால்தான் கேள்வி வரும். நான் அதிகம் கவலைப்படுவது அந்த ஜாயின்ட் அக்கவுன்ட்டைப் பற்றித்தான். அம்மாவின் பணம், அம்மாவின் கணக்கு, பெயருக்குத்தான் நான் இருக்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆனால் உங்கள் எல்லா வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், எஃப்பார் (FBAR) என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையை அமெரிக்க நிதித்துறைக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் உரிமை மட்டும் இருந்தாலும் அது கணக்கில் வரும். இந்த அறிக்கையைப் பற்றிக் கேள்விப்படாமலே பல வருடங்கள் ஓட்டிய நல்ல மனிதர்கள் நம்மில் நிறைய. விசாரணையில் இது வெளிவந்தால் பேச்சு வெளிநாட்டுச் செல்வாக்கிலிருந்து நகர்ந்து வரி, நேர்மை என்ற பக்கம் போய்விடும், அது இன்னும் மோசமான இடம். விட்டுப்போயிருந்தால், பாரத்தைத் தொடும் முன் வெளிநாட்டுக் கணக்குகள் தெரிந்த வரி ஆலோசகரிடம் போய்ச் சரிசெய்யுங்கள். மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு வங்கிப் பதிவு இருக்கட்டும். பெற்றோருக்குச் செலவுக்கு அனுப்புவதை யாரும் தவறாகப் பார்ப்பதில்லை.

ஓசிஐ (Overseas Citizen of India, கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலும் இருக்கும். பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் அது இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதே இல்லை. ஓசிஐ உள்ளவருக்கு வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, அரசியலமைப்புப் பதவி வகிக்க முடியாது. வாழ்நாள் விசா என்று எடுத்துக்கொள்வதே சரி. இருந்தாலும் பாரத்தில் தெரியப்படுத்தி, இன்னது என்று இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள், ஏனென்றால் இன்னொரு நாடு தந்த அடையாள அட்டையை மறைத்ததாக ஒருநாளும் ஆகக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். ஊரில் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

இலங்கைத் தமிழர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கும் நாடு; எடுத்திருந்தால் சொல்ல வேண்டும், எடுத்தது மட்டுமே தகுதியை இழக்க வைக்காது. அதைவிட முக்கியமானது வேறு. விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 அக்டோபரிலேயே வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின்மேல் 2007 நவம்பரில் தடை வந்தது. சுனாமி நேரத்தில் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்த குடும்பங்கள் பல உண்டு. இயக்கத்தில் இருந்த உறவினர் உள்ளவர்களும் உண்டு. பாரத்தில் இதைத் தொடும் கேள்விகள் இருக்கின்றன. இவர்கள் பாரம் நிரப்பும் முன்பே இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது அவசியம். இந்த விஷயத்தில் என்னைப் போன்றவர்களின் பொது அறிவுரையை நம்பி எழுதாதீர்கள்.

பாரம் போனபின் என்ன நடக்கும்? டிசிஎஸ்ஏ என்ற பாதுகாப்புத் துறை முகமை விசாரிக்கும். சீக்ரெட் நிலைக்கு எல்லோரையும் நேரில் கேட்பதில்லை, ஆனால் வெளிநாட்டு உறவுகள் இருந்தால் ஒரு அதிகாரி வந்து பேசுவார் என்று எதிர்பாருங்கள். இடைக்கால அனுமதி என்று ஒன்று உண்டு. வெளிநாட்டுத் தொடர்பு உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிடைக்காதது மறுப்பு ஆகாது, மனமுடைய வேண்டாம். ஆனால் முழு முடிவு வரும்வரை நிறுவனம் காத்திருக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள், இருக்கிற வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கவலை தீரவில்லை என்றால் காரணங்களை எழுதி ஒரு அறிக்கை அனுப்புவார்கள். பதில் சொல்ல 20 நாள். ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்கு நிர்வாக நீதிபதி முன் நேரில் விசாரணை கேட்கும் உரிமை உண்டு, அதைக் கேளுங்கள், எழுத்தில் மட்டும் பதில் சொல்லி விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் வழக்கறிஞர் தேவை. 1988இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. சந்தேகம் என்றால் நாட்டின் பாதுகாப்புக்குச் சாதகமாகவே தீர்ப்பார்கள், நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் பக்கம். இந்த விசாரணைகளின் தீர்ப்புகள் பெயர்களை நீக்கிவிட்டு இணையத்தில் வெளியிடப்படுகின்றன. இந்தியா, பி நெறி என்று தேடி ஒரு பத்துத் தீர்ப்பையாவது படியுங்கள். பெற்றோர் இந்தியாவில் இருக்கும் பொறியாளர்களுக்குக் கிடைத்ததையும் கிடைக்காததையும், எந்த இடத்தில் தராசு சாய்ந்தது என்பதையும் அதில் நேராகவே பார்க்கலாம். நான் இங்கே எழுதியதைவிட அது நல்ல பாடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்தே மறைப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு. பாரத்தில் பொய் சொல்வது 5 வருடம் வரை சிறைக்கு உரிய கூட்டாட்சிக் குற்றம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், தம்பியை மறைத்தவர் நாளை வேறு எதையும் மறைப்பார் என்ற எண்ணம் வந்துவிட்டால் அதை அழிப்பது மிகக் கடினம். எதையாவது விட்டுவிட்டது பின்னால் ஞாபகம் வந்தால், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். முன்வந்து திருத்துவதை நெறிகளே சாதகமாகக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன.

கிளியரன்ஸ் கிடைத்த பிறகும் சில கடமைகள் உண்டு. சொந்தப் பயணமாக ஊருக்குப் போவதென்றாலும் முன்கூட்டியே நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று நள்ளிரவில் கிளம்ப நேர்ந்தால் கிளம்புங்கள். முடிந்தால் போகிற வழியில் ஒரு செய்தி, திரும்பி வந்து 5 வேலை நாட்களுக்குள் முழு விவரம். புதிதாக நெருக்கமாகும் வெளிநாட்டவரைப் பற்றியும் தெரிவிக்க வேண்டும்; டாப் சீக்ரெட் நிலை என்றால் புதிய வெளிநாட்டுக் கணக்கு, கூட வந்து தங்கும் வெளிநாட்டவர் இவற்றையும். இப்போது தொடர் கண்காணிப்பு வந்துவிட்டதால் அடுத்த ஆய்வு வரட்டும் என்று தள்ளிப்போட முடியாது. இன்னொன்று, அப்பா அம்மாவிடம் நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று சொல்லலாம். கிளியரன்ஸ் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பெருமையில் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், தம்பிக்குப் பெண் பார்க்கும்போது தரகர் வரை போகும். அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது அவர்களுக்கே பாதுகாப்பு. லிங்க்ட்இன்னிலும் அதைப் போடாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, மனைவியோடு உட்கார்ந்து இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் ஒரு தாளில் எழுதுவது: பெயர், பிறந்த தேதி, முகவரி, வேலை, கடைசியாகப் பேசிய நாள். மதுரைப் பக்கத்து விவரங்கள் அவருக்குத்தான் தெரியும், விசாரணையில் அவரைப் பற்றியும் கேட்பார்கள், ஆகவே எதற்காக இதெல்லாம் என்று அவரிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள். எஃப்பார் விஷயத்தை அதற்கும் முன்னால் பாருங்கள். பெரியப்பாவின் பதவி, ஓய்வு பெற்ற வருடம் இரண்டையும் சரியாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு பாரத்தைத் திறங்கள்.